வயல் கட்டமே போதும், கலாக்கா

என் ஆசைக் கலாக்காவுக்கு,

திட்டத்தான் போகிறாய், தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ பிடிவாதம் பிடித்த அரிசிக் கட்டத்தை நான் எடுக்கவில்லை. வயல் கட்டத்தைத்தான் எடுத்திருக்கிறேன். செத்துப்போய்விட்டாய் என்பதற்காக உனக்கு விட்டுக்கொடுப்பேன் என்று நினைத்தாயா?

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் நம் கதை தெரியட்டும். கோலியனூரில் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் நாம். திண்டிவனம் பக்கத்து ஷூ கம்பெனிக்கு ஒரே பஸ்ஸில் போய்வந்தோம். நீ தையலில், நான் பசை ஒட்டுவதில். பசை நெடியில் எனக்குத் தினமும் மண்டை இடிக்கும். ஒருநாள் வாந்தியும் எடுத்தேன். நீதான் கோபத்தோடு எழுந்து, சீனாவிலிருந்து மேற்பார்வைக்கு வந்திருந்த லின் மேடத்திடம் போனாய். ஜன்னலைத் திறக்கச் சொல்லி அவ்வளவு நேரம் பேசினாய். மொழிபெயர்ப்பவர் அதை ஒரு வரியில் முடித்தார். அந்த அம்மா சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது நீ அழவில்லை. "அந்தாளு என்னாத்த சொன்னாரோ! இனிமே நம்ம பேச்ச நாமளே பேசணும்டி" என்றாய்.

அப்படித்தான் போனில் வீடியோ பார்த்துச் சீனம் படிக்க ஆரம்பித்தோம். பேச்சு உனக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் எழுதவும் வேண்டும் என்று அடம்பிடித்தாய். "வாயால சொன்னா சொல்லவே இல்லன்னுடுவாங்க. எழுதிக் குடுத்தா கைல இருக்கும்."

எழுதப் போனபோதுதான் தாள் பிரச்சினை வந்தது. சீன எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சதுரத்துக்குள் சரியாக உட்கார வேண்டும். கணக்கு நோட்டின் கட்டம் அதற்கு ரொம்பச் சிறியது. சதுரத்தின் நடுவில் கூட்டல் குறிபோலக் கோடு போட்டால் அது வயல் கட்டம், ஏனென்றால் அவர்கள் வயல் என்று எழுதுவதே அப்படித்தான். மூலைக்கு மூலையும் கோடு இழுத்தால் அரிசி என்ற எழுத்தின் சாயல் வரும். அது அரிசிக் கட்டம். சாய்வுக் கோடு இருந்தால்தான் கை தடுமாறாது என்றாய் நீ. இத்தனை கோட்டுக்குள் என் எழுத்தையே காணோம் என்றேன் நான். சண்டை முடியாமலே, நாம் இருவரும் ஸ்கேலை வைத்து அவரவர் கட்டத்தை வரைந்துகொண்டோம்.

மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. காரியம் முடிந்ததும் மாமா, உன் வீட்டுக்காரர்தான், நம் நோட்டுகளையெல்லாம் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். உன் கையெழுத்தைப் பார்க்க அந்த மனுஷனால் முடியவில்லை. ஆனால் அதோடு எல்லாம் முடிந்தது என்று வீடே முடிவு செய்ததே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. என் தலைவலி முடிந்துவிட்டதா என்ன?

லீவு நாளில் திண்டிவனம் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில், கட்டத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து தரச் சொன்னேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கடைக்காரர் சிரித்தார்.

"போன்ல பேசினா அதுவே சீனத்துல எழுதிக் காட்டுது. நீங்க எதுக்குங்க கையால எழுதிக்கினு பேஜார் படறீங்க?"

"கம்பெனி உள்ள போனு எடுத்துக்கினு போவ உடமாட்டாங்க சார். கேட்லயே வாங்கி வச்சிக்குவாங்க. கையத்தான் வாங்கி வைக்க முடியாது" என்றேன்.

அப்புறம் அவர் சிரிக்கவில்லை. இரண்டு மாதிரியும் எடுத்துக் கொடுத்து எழுதிப் பார்க்கச் சொன்னார். நானும் எழுதினேன். உன் கட்டத்தில் என் பேனா சாய்வுக் கோட்டின் மேலேயே ஊர்ந்துபோனது. என் கட்டத்தில் எழுத்து கோணலாக வந்தாலும் அது நான் போட்ட கோணல். கறுப்புக் கோடு எழுத்தை விழுங்கியதால் வெளிர் சிவப்பில் கேட்டேன். மை ஊறாத கெட்டித் தாளாக வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து கூடத்து நடுவிலேயே உட்கார்ந்து எழுதினேன். மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்த நம் மாமியார் அதைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஒருத்தி இத்த எழுதிக்கினு இருந்து போய்ட்டா. நீயும் போவணுமா?"

"அக்கா காய்ச்சல்ல போச்சு அத்த. எழுதி யாரும் சாவல."

அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். நான் எழுதுவதை நிறுத்தவில்லை.

போன வாரம், நீ அன்றைக்குப் பேசியதையெல்லாம் நாலு வரியில் எழுதி லின் மேடம் கையில் நேராகக் கொடுத்தேன். அவர் நின்று படித்தார். மறுபடியும் படித்தார். ஓர் எழுத்தைத் தொட்டுக்காட்டி, தப்பு என்று தலையாட்டினார். பிறகு நேராகப் போய் எங்கள் பக்கத்து ஜன்னலைத் திறக்கச் சொன்னார். அன்றைக்கு ஏதோ தெரியாத ஊரில் நின்றுகொண்டிருப்பதுபோல இருந்தது, அக்கா. பசை வாசனையே இல்லாத காற்று.

சாயங்காலம் மொழிபெயர்ப்பவர் வந்து நின்றார். "என்னமா, நேரா போய்க்கினு இருக்க? என்னாண்ட சொல்ல வேண்டியதுதானே?"

"உங்களாண்டதான் எங்க அக்கா சொன்னாங்களே சார். அது எங்க போச்சு?"

நீ இருந்திருந்தால் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பாய், இல்லையா?

முழுசாக ஜெயித்துவிட்டோம் என்று சொல்லமாட்டேன். உள் அறையில் ஜன்னலே கிடையாது. அங்கே வேலை செய்யும் பெண்களுக்குக் காற்றை இழுத்துத் தள்ளும் மின்விசிறி வேண்டும். கேட்டால், பார்க்கலாம் என்கிறார்கள். எழுதித் தருகிறேன் என்று அந்தப் பெண்களிடம் சொல்லியிருக்கிறேன். பெயர் போடாமல் கொடு, வேலை போய்விடும் என்று பஸ்ஸில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

போட்டுத்தான் கொடுப்பேன், அக்கா. விசிறி சுற்றும்வரை எழுதுவேன். கிழித்துப் போட்டால் அடுத்த தாளை எடுப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நீ செத்தும் உன்னோடு சண்டையை விடாத
உன் ஓரகத்தி,
மல்லிகா