எல்லாத்தையும் அனுப்பிடுங்க

ஹுவெய், யுன்லின்
மார்ச் 3

அன்புத் தம்பி ஜென்-தேவுக்கு,

அக்கா யூ-சின் எழுதுவது. உன் எலும்பெல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறதா? நேற்று அவையில் நடந்ததை டிவியில் பார்த்தோம். எதிர்க்கட்சிக்காரன் மேடையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றதும் நீ அவனைக் காலரோடு தூக்கி எறிந்தாயே, சந்தையே கை தட்டியது. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கீழ் வகுப்பில் இருந்தபோதும் நீ இப்படித்தான், முதலில் கை, அப்புறம்தான் வாய். அண்டை நாடுகளோடு ஆட்களின் விவரத்தைப் பகிர்ந்துகொள்ளும் பாதுகாப்பு ஒப்பந்தமாமே. நல்லதுதானே என்று நானும் தட்டினேன்.

இப்போது என் காரியம். ஒவ்வொரு தேர்தலிலும் இந்தச் சந்தையின் ஓட்டை உனக்கு வாங்கிக் கொடுத்தவள் முதல் தடவையாகக் கேட்கிறேன். மருமகன் கம் லெங்கின் குடியுரிமைக்கு அவன் நாட்டுப் போலீஸ் தரும் நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டுமாம். அவன் கதை உனக்குத் தெரியாது. வேலை என்று கூட்டிப்போய் எல்லையோரத்து மோசடி முகாம் ஒன்றில் விற்றுவிட்டார்கள். போனில் ஆட்களை ஏமாற்றிப் பணம் பறிக்க மறுத்தால் மின்சாரக் கம்பி வைப்பார்களாம். என் மகள் ரூ-பிங் அவன் முதுகைக் காட்டியபோது, தினமும் பன்றி அறுக்கிற நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் தப்பித்து, முகாம் முதலாளிக்கு எதிராகச் சாட்சியும் சொல்லிவிட்டுத்தான் இங்கே வந்தான். அந்த முதலாளியின் அண்ணன் அங்கே போலீசில் பெரிய ஆள். அதனால் அந்தப் பக்கம் எதையும் கேட்கவே கூடாது. சான்றிதழ் இல்லாமல் முடிக்க ஒரு வழி பார்.

போனில் சொன்னால் உன் அலுவலகப் பையன்கள் "குறிச்சுக்கிட்டோம்மா" என்று வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் கடிதம். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
லாய் யூ-சின்


தைபே
மார்ச் 22

மதிப்பும் பாசமும் உள்ள யூ-சின் அக்காவுக்கு,

காரியம் பழம். உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு குடியேற்ற அதிகாரிகளை என் அறைக்கு வரச்சொன்னேன். சான்றிதழ் இல்லாமல் முடியாது என்று ஒரே பாட்டு. மேசையை ஒரு தட்டுத் தட்டினேன், தேநீர்க் கோப்பை உருண்டு ஓடியது. புது ஒப்பந்தம் எதற்கு இருக்கிறது என்று கேட்டேன். இது அரசாங்கமும் அரசாங்கமும் பேசிக்கொள்ளும் வழி. ஊர்ப் போலீஸ்காரன் கண்ணிலேயே படாது. நீங்கள் பயந்ததற்கு இங்கே இடமே இல்லை.

ஒரு சின்னப் பெண் அதிகாரி மட்டும் கைரேகை போதும், முகவரி எதற்கு என்று இழுத்தாள். நான் சொன்னேன்: "அரைகுறையா அனுப்பினா அவன் அரை வருஷம் இழுப்பான். எல்லாத்தையும் அனுப்பிடுங்க." போட்டோ, வீடு, கடை, எல்லாம் போயிற்று. நம் தொகுதியில் காத்துக்கொண்டிருந்த மற்ற ஆறு மருமகன்கள், மருமகள்களின் விண்ணப்பத்தையும் முடுக்கிவிட்டேன். கம் லெங்கின் சான்றிதழ் அதற்குள் வந்தே விட்டது. ஓட்டுப் போட்டவர்களுக்கு ஓடாதவன் எம்.பி.யா அக்கா?

ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவருகிறேன். போட்டோக்காரரும் வருவார். ரூ-பிங்கை நல்ல உடுப்பாகப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

என்றும் உங்கள் தம்பி,
வெய் ஜென்-தே


ஹுவெய்
ஏப்ரல் 9

தம்பிக்கு,

நீ கொடுத்த சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு கம் லெங் போட்டோவுக்குச் சிரித்தான் அல்லவா, நீ காரில் ஏறியதும் பின்கட்டில் போய் வாந்தி எடுத்தான். அதில் கையெழுத்துப் போட்டிருப்பவன் முகாம் முதலாளியின் அண்ணன். உன் அரசாங்கமும் அந்த அரசாங்கமும் பேசி முடித்து, கடைசியில் காகிதம் போன இடம் அதுதான்.

பயந்து செத்தவள் என்று நினைக்காதே என்னை. போன வாரம் அவன் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. அவன் தம்பியைச் சொந்த ஊர்ப் பாலத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு மூங்கிலால் அடிக்கிறார்கள். கத்தல் நின்ற பிறகும் அடிக்கிறார்கள். முடிவில் ஒருத்தன் கேமராவைப் பார்த்து எங்கள் தெருப் பெயரையும் கடை எண்ணையும் நிதானமாக வாசிக்கிறான். ரூ-பிங் அன்றிலிருந்து தண்ணீர்கூட இறங்காமல் கிடக்கிறாள்.

எனக்கு இரண்டு வேண்டும். என் கடைக்குக் காவல். அந்த ஆறு வீட்டு விண்ணப்பங்களும் அந்த வழியில் போகாமல் நிற்க வேண்டும். எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது, அதை அப்புறம் தீர்த்துக்கொள்கிறேன். முதலில் இதைச் செய்.

யூ-சின்


தைபே
ஏப்ரல் 17

அன்புள்ள அக்கா,

படித்துத் துடித்துப்போனேன். உங்கள் காவல் நிலையத் தலைவரிடம் பேசிவிட்டேன். ரோந்துப் போலீஸ் தினமும் சந்தைப் பக்கம் வந்து போவார்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் சிக்கல். விண்ணப்பங்களைத் திரும்பக் கேட்டால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் முகவரியை யார் அனுப்பச் சொன்னார் என்ற கேள்வி வரும். ஒப்பந்தத்தின் இரண்டாம் பகுதி அடுத்த மாதம் அவைக்கு வருகிறது, அதைக் கொண்டுவருகிற குழுவுக்கு நான்தான் தலைவர். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகைக்காரர்கள் யாராவது வந்தால் ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் உள்ளிருந்தே சரிசெய்கிறேன்.

தம்பி ஜென்-தே


ஹுவெய்
மே 6

ஜென்-தே,

கம் லெங் செத்துப்போனான்.

சந்தை நிரம்பியிருந்த நேரம். ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் வந்து விலா எலும்புக் கறி கேட்டார்கள். அவன் குனிந்து வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான். நீள அரிவாள். முதல் வெட்டு கழுத்தில். அவன் கையை உயர்த்தினான், இரண்டாவது வெட்டில் கை போயிற்று. நான் எலும்புக் கத்தியோடு பலகையைத் தாண்டிக் குதித்து ஒருத்தன் மணிக்கட்டில் போட்டேன். அந்தக் கை தொங்கத் தொங்க ஓடினான். மற்றவன் ஓடவில்லை. நின்று, கம் லெங்கின் முகத்தை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டுத்தான் நடந்து போனான். பன்றி ரத்தமும் அவன் ரத்தமும் ஒரே சாக்கடையில் போயிற்று. ரோந்துப் போலீஸ் காலையிலேயே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

மந்திரம் சொல்ல ஆள் வருவதற்கு முன்னால், வாசலில் மாட்ட உன் இரங்கல் பட்டுத்துணி வந்துவிட்டது. தங்க எழுத்தில் உன் பெயர், உன் பதவி. தொகுதியில் எந்தச் சாவையும் விடமாட்டாயே. ரூ-பிங் அதை வாங்கி, கடைத் தரையைத் துடைத்தாள். நான் தடுக்கவில்லை.

உன்னைக் கொல்ல வேண்டும் என்று இருந்தது. தைபே ரயிலுக்குச் சீட்டும் எடுத்துவிட்டேன். அந்த ஆறு வீடும் நினைவுக்கு வந்ததால் போகவில்லை. செத்த எம்.பி.யால் அவர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

அவையில் ஏறி நின்று சொல். "நான்தான் அனுப்பச் சொன்னேன், ஒரு ஆள் செத்துட்டான், இந்த வழியை மூடுங்க" என்று உன் வாயால் சொல். ஒப்பந்தத்துக்காக ஆளைத் தூக்கி எறிந்த கைதானே அது.

லாய் யூ-சின்


தைபே, மருத்துவமனை
மே 20

அக்கா,

தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். எழுத மட்டும் முடிகிறது.

சொல்லிவிட்டேன். கம் லெங்கின் பெயரையும் சொன்னேன், யார் உத்தரவு என்பதையும் சொன்னேன். எதிர்க்கட்சிக்காரர்கள் இருந்த இடத்தைவிட்டு எழவில்லை. என்னை மேடையிலிருந்து இழுத்துப் போட்டவர்கள் என் கட்சிக்காரர்கள். மைக் கம்பத்தால் தாடையில் அடித்தான் ஒருத்தன், அவன் மகனுக்கு நான்தான் பெயர் வைத்தேன். மூன்று விலா எலும்பு முறிந்துவிட்டது. நான் யாரையும் திருப்பி அடிக்கவில்லை. அந்த வழியை மூடிவிட்டார்கள், இப்போதைக்கு.

ஆனால் அக்கா, இதை மறைக்க மாட்டேன். அந்த ஆறு பேரின் விவரமும் கம் லெங்குடையதோடு அன்றைக்கே போய்விட்டது. எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்பச் சொன்னதும் நான்தான். ஏப்ரலில் நீங்கள் கேட்டபோதே எனக்குத் தெரியும். அப்போதே சொல்லியிருந்தால் அவர்களுக்கு ஒளிந்துகொள்ள ஒரு மாதம் கிடைத்திருக்கும்.

என் உதவியாளரை அனுப்பினேன். உங்கள் கடை பூட்டியிருக்கிறதாம், அந்த ஆறு வீட்டிலும் ஆள் இல்லையாம். எங்கே இருக்கிறீர்கள்? அவர்களும் உங்களோடுதானா? ஒரு வரி எழுதுங்கள். நல்ல காவல் ஏற்பாடு செய்கிறேன், இந்த முறை நானே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன். என்னை மன்னிக்க வேண்டாம். இடத்தை மட்டும் சொல்லுங்கள்.

ஜென்-தே


ஜூன் 2

தம்பிக்கு,

உன் கடிதம் சந்தைக்காரர்கள் கைமாறி வந்து சேர்ந்தது. டிவியில் பார்த்தோம். எல்லோரும் பார்த்தோம், ஏழு வீடும். ரூ-பிங் நீ விழுகிறவரை பார்த்துவிட்டு எழுந்து போனாள். அன்றைக்குத்தான் ஒரு வாய் சாப்பிட்டாள்.

பிள்ளைகள் புதுப் பள்ளிக்கூடத்தில் புதுப் பெயர் பழகுகிறார்கள். என் கைக்கு இங்கே கத்தி வேலை இல்லை, வேறு வேலை. இந்தக் கடிதத்தை வழியில் போகிற ஒருத்தர் எங்கோ ஒரு தபால் பெட்டியில் போடுவார். முத்திரையைப் பார்த்துத் தேடாதே.

தாடை சேரும்வரை அரிசிக் கஞ்சி குடி, சூடு ஆறவிட்டு.

இடம் கேட்டிருக்கிறாய். நீ நல்லவன் ஜென்-தே, அதை நான் எந்த நாளும் மறுத்ததில்லை. தெரிந்தால் உதவி செய்யக் கிளம்பிவிடுவாய். அதனால் சொல்லமாட்டேன்.

யூ-சின்