அப்பாரு முட்டி போட்ட வெள்ளிக்கிழமை

சேசு மரி சூசை

ஏற்காடு,
ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை

அன்பு மகள் ஜோஸ்லினுக்கு அம்மாவின் ஆசீரும் ஆயிரம் முத்தமும். மாதாவின் தயவில் இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாருவின் முட்டி ஒன்றைத் தவிர. அந்த முட்டியின் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே, பயப்படாதே, சந்தோஷமான கதைதான். மெல்போர்னில் நீயும் சுகமாக, நேரத்துக்குச் சாப்பிட்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே போன வாரம் நல்ல மழை, காப்பி எல்லாம் ஒரே நாளில் பூத்துவிட்டது, கரடியூர் ரோட்டில் பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியே வாசம் அப்படி வருகிறது. எஸ்டேட்டில் பூ நன்றாகப் பிடித்திருக்கிறது என்று உன் அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, கணக்கெழுதும் ரைட்டர் வேலை பார்க்கிறவருக்கு ஏதோ தானே முதலாளி என்று நினைப்பு. என் பஜ்ஜிக் கடையும் ஏரிக்கரையில் சக்கைப்போடு போடுகிறது, சீசன் ஆரம்பித்துவிட்டது, எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைக்க நேரமில்லை. கிளியூர் இளவரசி அக்காவின் மகள் அங்கே படிக்க வருகிறாளாம், அவள் பெட்டியில்தான் இந்தக் கடிதமும் காப்பித்தூளும் வருகின்றன. போனில் பேசலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே உன் அப்பாரு குறுக்கே வந்துவிடுகிறார், காது கேட்காது என்று பேர், நமக்கு வேண்டாததெல்லாம் கேட்கும். மாமனார் என்றும் பாராமல் எழுதுகிறேன், அவரிடம் படித்துக் காட்டிவிடாதே.

போன மாதம் நீ அழுதுகொண்டே கேட்டாயே, அதற்கு அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் அந்த ஹன்னா அம்மா, யூதர் குலத்தவர், இதயம் பலவீனமாகிவிட்டது, இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்கிறார், தினமும் குளிப்பாட்டிவிடுவது நீதான். இது தெரிந்ததும் அப்பாரு உன்னிடம் என்ன சொன்னார்? குளிப்பாட்டறப்ப தலையில மூணு தடவ தண்ணிய ஊத்தி ஞானஸ்நான வார்த்தையச் சொல்லிப்போடு கண்ணு, ஆபத்து நேரத்துல யாரு வேணும்னாலும் குடுக்கலாம், அந்தம்மாவுக்குத் தெரியவே வேண்டாம், இல்லாட்டித் தீர்ப்பு நாள்ல அந்த ஆத்துமாவுக்கு நீதான் பதில் சொல்லோணும் என்றார். நீ அதைக் கேட்டதிலிருந்து தூங்கவில்லை. ஊற்றினால் அந்த அம்மாவுக்குத் துரோகம், ஊற்றாமல் விட்டு அவர் நரகத்துக்குப் போனால் அது என் பாவம் என்று நீ விம்மினாய். அந்த அம்மாமேல் உனக்குப் பிரியம் வந்துவிட்டது, அதனால்தான் இவ்வளவு பயம் என்பதும் எனக்குப் புரிந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை கண்ணு. உன் அப்பாவின் சிநேகிதர் சத்யராஜ், அடிவாரத்துப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர், காப்பி மூட்டை ஏற்ற வந்தார், அவரிடமே கேட்டேன். கடைசி நாள்ல யூதருங்க அத்தன பேரும் கண்ணத் தெறந்து ஏசுவை ஏத்துக்குவாங்க, அது எழுதியிருக்குதுங்க என்று அடித்துச் சொன்னார். அதுக்கு முன்னால செத்துப்போறவங்க கதி என்னங்க என்றேன், தலையைச் சொறிந்துவிட்டு லாரியைப் பார்க்கப் போய்விட்டார். அடுத்தது நம் கோயில் பங்குச்சாமி. கடைக்கு மிளகாய் பஜ்ஜி சாப்பிட வந்தவரைப் பிடித்து உட்கார வைத்து, சட்டி காய்கிற நேரத்துக்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் முதலில், ஒருவர் மனசார விரும்பிக் கேட்காமல் கொடுத்தால் அது ஞானஸ்நானமே இல்லை, வெறும் தண்ணீர்தான், அந்த அம்மா புத்தித் தெளிவோடு இருக்கும்போது அவருக்குத் தெரியாமல் செய்வது திருட்டு என்றார். அப்புறம், கடவுள் அந்த ஜனத்துக்குக் கொடுத்த வாக்கை ஒருநாளும் திரும்ப வாங்கவில்லை, பவுலடியாரே அப்படித்தான் எழுதியிருக்கிறார், நம் திருச்சபையும் இப்போது அதைத்தான் சொல்லித் தருகிறது என்றார். அப்படியானால் எல்லோரும் ஏசு வழியாகத்தான் மீட்பு என்று சொல்கிறோமே, இரண்டும் எப்படிச் சாமி ஒத்துப்போகும் என்று நானும் விடாமல் கேட்டேன். எப்படி என்பது கடவுளுக்குத் தெரியும், நமக்குத் தெரியவில்லை என்று சபையே ஒத்துக்கொள்கிறது, தீர்ப்பு நம் கையில் இல்லாததற்கு நன்றி சொல்லுங்கள் என்று சிரித்தார். பக்கத்துக் கடை ஹனீபா மனைவி சலீமா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்றாள், ஏனுங்கக்கா, சொர்க்கத்துக்கு ஆளெடுக்கறது இருக்கட்டும், பஜ்ஜி கருகுது பாருங்க என்றாள். நிஜமாகவே கருகிவிட்டது.

வீட்டுக்கு வந்து இதை அப்பாருவிடம் சொன்னால் ஒப்புக்கொள்ளுவாரா? இந்தக் காலத்துச் சாமியாருங்களுக்கு எல்லாமே ஈசி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாமா, கடுதாசி எழுதினாலும் கணக்கு எழுதினாலும் மேலே சேசு மரி சூசைன்னு போடாம நீங்க பேனாவைத் தொடறதில்லை, அந்த மூணு பேரும் எந்த ஊட்டு ஆளுங்க என்று கேட்டேன். ஏசுவும் மாதாவும் சூசையப்பரும் யூதருங்கதான என்று நானே சொன்னேன். மாதாவுக்கு தெனமும் செபமாலை சொல்றீங்க, மாதாவோட பொறந்த ஊட்டு ஆளுங்க வந்தா மட்டும் கதவச் சாத்திக்குவீங்களா, என்னோட அண்ணன் தம்பி வந்தா மொதல்ல காப்பி போடுன்னு சத்தம் போடறது நீங்கதான, அந்த மரியாதை மாதாவுக்கு இல்லீங்களா என்றேன். அன்று என் முகத்தைப் பார்க்காமலே இரண்டு தம்ளர் காப்பி குடித்தார். உன் அப்பா நடுவில் உட்கார்ந்து செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார், நம் வீட்டில் சண்டை என்றால் அவருக்குப் படிக்கிற ஆசை வந்துவிடும்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமைதான் நீ போனில் வந்தாய். இங்கே மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், உங்களுக்கு அங்கே பொழுது சாய்கிற நேரம். யூதர்களுக்கு ஓய்வுநாள் தொடங்குகிறது, அந்த அம்மா மெழுகுவத்தி ஏற்றப் போகிறார், பாருங்கள் என்று போனை மேசையில் சாய்த்து வைத்தாய். நீ அந்தப் பக்கம் இருந்தாய், இந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது. அந்த அம்மா கையால் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தபோதே அப்பாரு சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். பிறகு அந்த அம்மா உன்னைக் கூப்பிட்டுக் குனியச் சொல்லி உன் தலைமேல் இரண்டு கையையும் வைத்து அவர் பாஷையில் சொன்னாரே, ஆண்டவர் காக்கட்டும், முகம் மலர்ந்து உன்னைப் பார்க்கட்டும், சமாதானம் தரட்டும் என்பதுதான் அதன் அர்த்தம் என்று நீ சொன்னாய், பெற்ற பிள்ளைகளுக்குத்தான் இப்படிச் செய்வார்கள், அவருக்குப் பிள்ளை இல்லை, அதனால் எனக்குச் செய்கிறார் என்றும் சொன்னாய். அப்பாரு அந்தக் குரங்குக் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கோயிலில் தவிர வேறு எங்கும் அவர் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. போனை வைத்த பிறகு என்னைக் கேட்டார், ஏம்மா, இது நம்ம சாமியாரு கலியாணத்துல சொல்ற ஆசீர்வாதமாச்சே, அவங்களுக்கு எப்படித் தெரியும் என்று. அவங்க கிட்ட இருந்துதான் மாமா நமக்கே வந்துச்சு, மோசே காலத்துல இருந்து சொல்றாங்க என்றேன். அப்படியா என்றார். கையைக் கழுவிவிட்டு வந்து, என் பேத்தி தலைமேல கைய வெச்சவங்க நரகத்துக்குப் போவாங்கன்னா, அந்த ஆசீர்வாதம் எங்கிருந்து வந்துதாம் என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, வெங்காயம் உரிப்பதுபோல நடித்தேன்.

இப்போது முட்டிக்கு வருகிறேன். பெரிய வெள்ளியன்று யூத மக்களுக்காகச் சொல்லுகிற மன்றாட்டில் அப்பாரு என்ன செய்வார் என்று உனக்கே தெரியும், சின்ன வயதில் அவர் சட்டையைப் பிடித்து முட்டி போடுங்க அப்பாரு என்று நீ இழுப்பாயே. ஒவ்வொரு மன்றாட்டுக்கும் சனம் முழுக்க முழந்தாளிடும், அவர் சிறுவனாகப் பூசை உதவி செய்த காலத்தில் இந்த ஒரு மன்றாட்டுக்கு மட்டும் முழந்தாளிடக் கூடாது என்று வழக்கம். யூதர்கள் ஏசுவைக் கேலி செய்து முட்டி போட்டார்கள் என்று காரணம் சொன்னார்களாம், கேலி செய்தது ரோமைச் சிப்பாய்கள்தானே என்று யாரும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. அந்த வழக்கம் போயே எவ்வளவோ காலமாகிவிட்டது, செபத்தின் வார்த்தைகளே மாறி, கடவுளின் சொல்லை முதலில் கேட்ட மக்கள் என்று மரியாதையாகச் சொல்கிறோம். ஊர் மாறியது, உன் அப்பாரு மாறவில்லை. சேலத்து டாக்டர் முட்டி மடக்கவே கூடாது என்று சொன்னதிலிருந்து மற்ற மன்றாட்டுக்கெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், இதற்கு மட்டும் வேண்டுமென்றே எழுந்து விறைப்பாக நிற்பார். எனக்கு வெட்கமாக இருக்கும்.

இந்த வருடமும் அந்த மன்றாட்டு வந்தது, முழந்தாளிடுவோம் என்றார்கள், நான் அவர் பக்கம் பார்க்கவே கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டேன். நாற்காலி தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம். மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது. கழுத்தை நீட்டிப் பார்க்கிறேன், மனுஷர் வெறும் தரையில் இரண்டு முட்டியும் போட்டு, முன்பெஞ்சில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டிருக்கிறார். எழுந்திருங்கள் என்றார்கள், எல்லோரும் எழுந்தோம், அவரால் முடியவில்லை. உன் அப்பா கைகொடுக்கப் போனால் தட்டிவிட்டார். பங்குச்சாமி அடுத்த செபத்தைத் தொடங்காமல் காத்துக்கொண்டு நிற்கிறார், கோயிலே திரும்பிப் பார்க்கிறது. செவிட்டுக் காது அல்லவா, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக் கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார், நீங்க நடத்துங்க சாமி, ஹன்னா அம்மாவுக்கு இன்னுங் கொஞ்சம் சொல்ல வேண்டியது பாக்கி இருக்குதுங்க, இத்தன வருசத்துதும் சேத்தி என்று. பங்குச்சாமி செபப் புத்தகத்தைப் பீடச் சிறுவனிடம் கொடுத்தார். பிறகு தாமும் மறுபடி முழந்தாளிட்டார். அவரைப் பார்த்துப் பீடச் சிறுவர்கள், அவர்களைப் பார்த்து நாங்கள் எல்லோரும். ஜோஸ்லின், யாரென்றே தெரியாத உன் ஹன்னா அம்மாவுக்காக ஏற்காட்டுக் கோயில் அன்று இரண்டு தடவை முட்டி போட்டது. பெரிய வெள்ளியில் சிரிக்கக் கூடாது என்பார்கள், எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. அப்பாருவை மூன்று பேர் சேர்ந்துதான் தூக்கினார்கள், ஈஸ்டர் பிரியாணிக்கு நொண்டிக்கொண்டே வந்து மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார், வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதனால் என் தங்கமே, அம்மா சொல்வதைக் கேள். குளிப்பாட்டும்போது குளிப்பாட்ட மட்டும் தண்ணீர் ஊற்று, சூடு பதமாகப் பார்த்து ஊற்று, வேறு ஒன்றும் உன் பொறுப்பில்லை. அவரே வாய்விட்டுக் கேட்டால் அது வேறு விஷயம், கேட்காதவரை அவர் தலை அவருடையது. பசித்தவனுக்குக் கொடுத்தாயா, நோயாளியைப் பார்த்தாயா என்றுதான் கடைசி நாளில் கேள்வி வருமாம், அந்தக் கேள்விக்கு நீ தினமும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாய். அவர் போகிற நேரம் வந்தால் கையைப் பிடித்துக்கொள், அவருடைய ஆட்கள் சொல்கிற செபத்தைச் சொல்ல யாரையாவது கூப்பிட்டு வை. இன்றிலிருந்து நீ நன்றாகத் தூங்க வேண்டும், இது அம்மாவின் உத்தரவு. காப்பித்தூளை ஏர்போர்ட்டில் மறைக்காமல் எழுதிக் காட்டச் சொல்லி அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன், பாதியை ஹன்னா அம்மாவுக்குப் போட்டுக் கொடு, டாக்டர் விட்டால்.

மாதா உன்னைத் தன் முந்தானையில் மூடிக் காக்கட்டும், போகும்போதும் வரும்போதும் ஆண்டவர் உன்னோடு இருக்கட்டும். அப்பா அன்பு சொல்லச் சொன்னார். இனி அப்பாரு சொல்லச் சொன்னது, முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டே சொல்கிறார், அப்படியே எழுதுகிறேன். வர்ற வெள்ளிக்கெழம மத்தியானம் குல்லாவக் கழட்டிட்டு போனுக்கு முன்னால தலையக் குனிஞ்சு உக்காந்திருப்பேன், அந்தம்மா கைய ஒருவாட்டி இந்தப் பக்கமும் நீட்டச் சொல்லு கண்ணு. மறந்துவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
ஆரோக்கியசெல்வி