சொல்லாமல் வைத்திருக்கும் பெயர்

இன்று காலை சுவாமி விளக்கேற்றிவிட்டுத் தேநீருக்கு இஞ்சி தட்டினேன். மணம் எழுந்ததும் கால் தன்பாட்டில் போய்க் கதவைத் திறந்தது. எதிரே உன் வாசலில் வேறு யாருடையவோ பனிச் சப்பாத்துகள்.

இந்தப் பனி நாட்டில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் நாம் எதிர்வீட்டுக்காரரான முதல் மாரியிலேயே எங்கள் தமிழை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டாய். நான் கணவரை "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டதைக் கேட்டு, "அந்த மனிசனுக்குப் பேரே இல்லையோ அக்கா?" என்று சிரித்தாய். பெயர் சொல்லும் வழக்கமில்லை என்றேன். உன் சிரிப்பு நின்றது.

உங்கள் பப்புவா ஆற்றங்கரையிலும் சொல்லாத பெயர்கள் உண்டு என்றாய். மூன்றே ஊர்கள் பேசும் மொழி. அதிலும் ஊருக்கு ஊர் வேறு சொற்கள். உன் ஊரில் இஞ்சிக்கு என்ன சொல்லோ, அதுவே உன் பெயர். ஒருவர் இறந்தால் அவர் பெயரான சொல்லை ஊரே விட்டுவிடும். உறவுகள் விருந்து வைக்கும்வரை ஆற்றோட்டத்தில் கீழே இருக்கும் ஊரின் சொல்லைக் கடன் வாங்கிப் பேசும்.

"கீழூர்ச் சனம் மூக்காலை கதைக்குங்கள், ஆனா சொல்லுக் கேட்டா இல்லையெண்டாதுகள்" என்று பழித்துக் காட்டுவாய். அதற்குள் என் பிள்ளைகளும் இஞ்சியை உன் பெயரால்தான் கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில், உன் கடைசி நாட்களில், நோவை விட்டு நீ கேட்டது இதுதான்.

"ஊரில விடுவினம். இஞ்சை எனக்காக ஆரக்கா அந்தச் சொல்லை விடப்போகினம்?"

"நாங்கள் இருக்கிறமெல்லே" என்றேன். கீழூர்ச் சொல்லை அப்போதே கேட்டு வாங்கினேன். "மூக்காலை, அக்கா, மூக்காலை" என்று திருத்தினாய். அதுதான் நீ கடைசியாகச் சிரித்தது.

மாதச் செலவு எழுதும்போதும் இப்போது கீழூர்ச் சொல்தான். போன கிழமை கடையில் நின்று இவர் ஃபோன் எடுத்தார். "இஞ்சாரும், உந்த..." என்று உன் பெயரைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். பிறகு, சனம் நிற்கும் கடையில், மூக்கால் மற்றச் சொல்லைச் சொல்லி, "வாங்கவோ?" என்றார். "வாங்குங்கோ" என்றேன்.

வீட்டுக்கு வந்து மெல்லக் கேட்டார்: "ஒரு வருசமாகப் போகுதப்பா. விருந்து வைச்சா அந்தச் சொல்லு திரும்பி வருமெல்லே?"

வரும் என்றேன். பிறகு எல்லாரும் அதைச் சாதாரணமாகச் சொல்லலாம், கடையில், அடுக்களையில், நீ இருந்த நாளில் போல.

பஞ்சாங்கம் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கிறது. நான் இன்னும் நாள் பார்க்கவில்லை.