சம்பந்திகளின் கழித்தல் கணக்கு

மார்ச் 4

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

உங்கள் மனைவி நலம். சாப்பாடுதான் வாய்க்கு விளங்கவில்லை. "அங்கே என்னத்ததான் தேடுற?" என்று போனில் கேட்டீர்களே, சொல்கிறேன். இந்த வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் நாங்கள் அலசுவது ஹிக்ஸ் என்று ஒரு துகளை. கணக்குப்படி அதன் நிறை மலையளவு இருக்க வேண்டும், இருப்பதோ கடுகளவு. இரண்டு மலைகள் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு கடுகை மட்டும் மிச்சம் வைத்த மாதிரி. இவ்வளவு கச்சிதமாக எப்படிக் கழியும்? இதற்குப் படிநிலைச் சிக்கல் என்று பெயர். கழித்துவிடும் ஜோடித் துகள் எங்கேயோ இருக்கும் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோம்.

இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார்கள். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். என்ன சொல்கிறீர்கள்?

வீட்டில் என் அப்பாவும் உங்கள் அம்மாவும் சண்டை போடாமல் இருக்கிறார்களா?

உங்கள்
துகள்காரி

மார்ச் 11

அன்புள்ள துகள்காரிக்கு,

மூன்று வருடமா? உன் இஷ்டம். நான் யார் சொல்வதற்கு.

உன் சிக்கல் நம் கூடத்திலேயே இருக்கிறது. என் அம்மா மின்விசிறியை ஐந்தில் வைப்பாள். உன் அப்பா, "எனக்கு ஜன்னி வரணுமா?" என்று அணைப்பார். கடைசியில் அது ஒன்றில் சுற்றும். ஒரு மலையை அப்புறப்படுத்தினால் சத்தம் பாதியாகிவிடும் அல்லவா? அம்மாவை அக்கா வீட்டில் விட்டு வந்துவிட்டேன். எப்படி என் மூளை!

உன்
லிஃப்ட்காரன்

மார்ச் 17

அன்புள்ள துகள்காரிக்கு,

உன் பதில் வரும்வரை தாங்காது. எதிர்த்துப் பேச ஆளில்லாமல் உன் அப்பா ஊதிப் பெருத்துவிட்டார். சோபாவை என் படுக்கையறைக்கு மாற்றினார். மறுநாள் கட்டிலைத் தன் அறைக்கு மாற்றி, என்னை அந்தச் சோபாவுக்கு மாற்றினார். நான் பழுதுபார்க்கும் லிஃப்டுக்குள்ளும் வந்து, "இப்படியா திருகாணியைப் பிடிக்கிறது?" என்கிறார்.

அங்கே அக்காவின் அலறல்: "டேய், அம்மாவை இன்னைக்கே கூட்டிட்டுப் போடா. என் மாமியாரே பயந்துபோய் ரூமை விட்டு வர மாட்டேங்கிறாங்க!"

கூட்டி வந்தேன். மணி அடிக்கும் முன்பே உன் அப்பா கதவைத் திறந்தார். "வந்தாச்சா மகாராணி?"

"நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்களா?"

மின்விசிறி மறுபடி ஒன்றுக்கு வந்துவிட்டது. இருவரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். 'போடு கையெழுத்தை' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. நீ இல்லாமல் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உன்
லிஃப்ட்காரன்

மார்ச் 25

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

படித்துச் சிரித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இங்கே வந்ததிலிருந்து காபி இயந்திரத்தோடுகூடச் சண்டை. அறைத்தோழி வேறு அறை கேட்டுப் போய்விட்டாள். வீட்டில் நான் இவ்வளவு கோபக்காரி இல்லையே என்று குழம்பிக்கொண்டிருந்தேன். அங்கே "சரி விடு, முதல்ல சாப்பிடு" என்று சொல்ல நீங்கள் இருந்தீர்கள்.

ஜோடித் துகள் இன்னும் அகப்படவில்லை. துகள்களை மோதவிடும் இயந்திரம் தரும் தகவல்களை வீட்டில் உட்கார்ந்தும் அலசலாம் என்று இயக்குநரோடு ஒரு மூச்சுக் கத்தினேன். என்னை ஊருக்கு அனுப்பினால் போதும் என்று உடனே சம்மதித்துவிட்டார். அடுத்த வாரம் வருகிறேன். கட்டிலை மீட்டு வையுங்கள்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. இந்தத் தாளில் போடுகிறேன்.

உங்கள்
துகள்காரி