முழுச் சத்தத்தில் ஒரு தாலாட்டு

அக்கா,

ஹெட்ஃபோனின் உறை உரிந்து, மாட்டும்போதெல்லாம் காதில் கறுப்புத் தூளாக ஒட்டுகிறதே என்று இன்று காலை புது உறை மாற்ற உட்கார்ந்தேன். பழையதைக் கழற்றியதுதான் தாமதம், குப்பென்று விளக்கெண்ணெய் வாடை. இந்த வீட்டில் தலைக்கு விளக்கெண்ணெய் தடவியது நீ ஒருத்திதான். கையில் அதை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாடுகிறவள் நான், ஆனால் இந்த ஹெட்ஃபோன் என் காதில் இருந்ததைவிட உன் காதில் இருந்ததுதான் அதிகம். அப்படிப்பட்ட உனக்குக் காது கேட்காது என்பது, உன்னைக் கிடத்தி வைத்திருந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னும் நம்ப முடியவில்லை. அண்ணனுக்கு நீயும் தம்பிக்கு நானுமாக ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரே அடுப்பில் சமைத்தோம். ஓரகத்திகள் என்றால் குடுமிப்பிடிச் சண்டைதான் என்று காத்திருந்த ஊரை ஏமாற்றினோம். என்னிடம்கூடவா மறைப்பாய்?

எளாவூரில் உன் தம்பி பெண்டாட்டிக்கு வளைகாப்பு முடிந்து பஸ்ஸுக்கு நடந்தோம். நான் முன்னால், நீ பின்னால். முதுகுப் பக்கம் ஹாரன் கேட்டது. விடாமல் அடித்தான். நான் ஓரமாக இறங்கினேன். ஹாரன் கேட்டால் யாரும் ஒதுங்கத்தானே செய்வார்கள்? நீயும் ஒதுங்கியிருப்பாய் என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் கேட்ட சத்தத்தை எழுத மாட்டேன். காய்கறி வேன் ஓட்டி வந்தவன் ரோட்டிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். "எம்மாம் ஹாரன் அடிச்சேம்மா! அந்தக்கா திரும்பவே இல்லியே!" பொய் சொல்கிறான் என்று நான் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

மறுநாள் பசியாவரத்திலிருந்து, உடம்புக்கு முடியாமல் வளைகாப்புக்கு வராத உன் அம்மா தோணியில் வந்து இறங்கினாள். யாரோ அந்த ஹாரன் கதையைச் சொல்ல, மார்பில் அறைந்துகொண்டு கத்தினாள். "அதுக்கு எப்டிடி கேக்கும்? எம்பொண்ணுக்குத்தான் காதே கேக்காதே!"

சாவு வீட்டில் அழுகை நின்று நீ பார்த்திருக்கிறாயா? நின்றது, அக்கா. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் வாய் திறந்தபடி இருந்தார்கள். "எங்க வூட்டுப் பொம்பளைங்களுக்கே அப்டித்தான். வயசுக்கு வந்தப்புறம் ஒவ்வொரு காதா அடச்சிக்கினே வரும். சொன்னா எவன் கட்டுவான்? வாயே தொறக்காதன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்" என்று உன் அம்மா விழுந்து புரண்டாள். உன் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து, "எனக்கே தெரியாதே, எனக்கே தெரியாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட இருந்தவர்களுக்கே தெரியாமல் போகுமா என்று வெளியூரில் கேட்பார்கள். நம் ஊர் தோணிரேவில் எவள் மெதுவாகப் பேசுகிறாள்? போட் இஞ்சின் ஒரு பக்கம், ஏரிக் காற்று ஒரு பக்கம். கரையிலிருந்து தோணிக்குக் கையாலும் வாயசைப்பாலும்தான் பாதிப் பேச்சு. நீ அந்தப் பசியாவரத்துத் தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் எல்லோரையும்விட உனக்கு அது நன்றாக வந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாய். திமிர் என்றாள் அத்தை, நம் மாமியார். "மூஞ்சப் பாத்துப் பேசு" என்பாய், ராங்கி என்றார்கள். கரண்ட் போனால் மட்டும் ஊமையாகிவிடுவாய். "இருட்டுல எனக்குப் பேச்சு வராதுடீ." நான் சிரித்தேன். என் வாய் உனக்குத் தெரியவில்லை என்று நான் எப்படிக் கண்டேன்!

என் ஸ்டுடியோவுக்காக நீ ஏன் அப்படிச் சண்டை போட்டாய் என்பதும் இப்போதுதான் விளங்குகிறது. ஸ்டுடியோ என்று பெரிய பேர். பிள்ளைக்கு நானே கட்டிப் பாடிய தாலாட்டைப் பதிவு செய்து நெட்டில் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. போனில் பதிந்தால் பாட்டைவிடக் காற்றுதான் அதிகம் கேட்டது. என் வீட்டுக்காரர் சென்னையில் யாரோ விற்ற பழைய மைக் ஒன்று, அதை லேப்டாப்போடு சேர்க்க விளக்கு எரியும் சின்னப் பெட்டி ஒன்று, இந்த ஹெட்ஃபோன், மூன்றையும் பையில் போட்டுக் கொண்டுவந்தார். இடம்தான் இல்லை. வலை வைக்கும் அறையைக் கேட்டதும் அத்தை குதித்தாள்.

அதுவரை பாட்டுப் பக்கமே தலை வைக்காத நீ, அந்த ஹெட்ஃபோனை ஒரு பார்வை பார்த்துவிட்டு முன்னால் வந்து நின்றாய். "ஊர்ல எல்லார் வலையும் வெளியதான் கெடக்குது. நம்ம வலை மட்டும் இன்னா மகாராணியா?" அத்தையே சிரித்துவிட்டாள்.

முதலில் மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டிகளை உடைத்துச் சுவரெல்லாம் ஒட்டினோம். பாடினால் பானைக்குள் தலையை விட்டுப் பாடியது போலக் கேட்டது, நாற்றம் வேறு. அதைப் பிய்த்தெறிந்துவிட்டுப் பழைய மெத்தையையும், கந்தல் புடவைகளை அடுக்கித் தைத்த போர்வைகளையும் தொங்கவிட்டோம். மூலைகளில் கிழிந்த வலைகளை மூட்டையாகக் குவித்தோம். எதிரொலி அடங்கியது. "ப", "ப்பா" என்று வரும் இடத்தில் மைக் படபடத்தது. சல்லடை வளையத்தில் உன் மெல்லிய வாயல் புடவைத் துண்டை இழுத்துக் கட்டி மைக்குக்கு முன்னால் வைத்தாய். எனக்குத் தோன்றாத யோசனையெல்லாம் உனக்கு வந்தது.

ஹெட்ஃபோனை உன் தலையில் முதல்முதலாக மாட்டிய அன்று எனக்கு எந்தத் திருகு எதற்கென்றே தெரியாது. எதையோ திருப்பினேன். சத்தம் முழு அளவுக்கு ஏறிவிட்டது. எட்டி நின்ற எனக்கே என் தாலாட்டு கேட்டது. "ஐயோ அக்கா, கழட்டு, காது போய்டும்!" என்று பாய்ந்தேன். நீ இரண்டு கையாலும் அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாய். உன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"கொஞ்சம் இருடீ," என்றாய். "இன்னா கொரலுடீ உனக்கு!"

என் பாட்டுக்கு உருகினாய் என்று அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அடிப் பாவி, நாம் ஒரே வீட்டில் இருந்த அத்தனை காலத்தில் நீ என் குரலைச் சரியாகக் கேட்டதே அன்றுதான்! அதற்கப்புறம் வேலை முடிந்தால் அந்த அறைதான் உனக்கு. நான் அடுத்து மாட்டினால் காதில் இடி விழும். "ஏன்க்கா இம்மாம் சவுண்டு வெக்கிற?" என்றால் சிரிப்பாய். "இது சரியில்ல, மூச்சு அறுந்துபோச்சு, திரும்பப் பாடு" என்பாய், அறுந்துதான் இருக்கும். ஆனால் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, சத்தம் எதுவும் வராமல் வாசலில் காவல் உட்கார்ந்த அன்று, அடுப்பில் நீ வைத்த குக்கரே விசில் மேல் விசிலாக அடிக்க, நீ எல்லாம் சரி என்று எனக்குக் கட்டைவிரலைக் காட்டிக்கொண்டிருந்தாய். அந்தப் பதிவைப் போட்டுப் போட்டு வீடே சிரித்தது. இப்போது அதைப் போட எனக்குத் தைரியம் இல்லை.

நீ போன பிறகு உன் மகள் கலை அந்த அறையில் வந்து உட்கார ஆரம்பித்தாள். ஒருநாள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எதிரில் இருந்தாள். வலது பக்கத்துக்கு மட்டும் ஒரு மணிச் சத்தம் அனுப்பி, அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம் என விளையாட்டாகத்தான் போட்டேன். பெட்டியில் விளக்கு பச்சையாகத் துள்ளியது. அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னும் போடலியா சித்தி?"

சத்தத்தைக் கூட்டினேன். விளக்கு சிவப்புக்குப் போனது. "போடு சித்தி" என்றாள் மறுபடியும்.

பொன்னேரியில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். வலது காதுக்கு மிஷின் வைக்கச் சொன்னார். இடது நன்றாக இருக்கிறது, விடாமல் வந்து பார்க்க வேண்டும் என்றார். மிஷின் வந்த அதே மாதம் பழவேற்காட்டிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அத்தை முதல் வேலையாக அந்த மிஷினைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "தாலி ஏறட்டும். அப்புறம் மாட்டிக்க. வாயத் தொறக்காத" என்றாள். உன் அம்மா வாங்கிய அதே சத்தியம். நான் கத்தினேன், அக்கா. ஒருத்தரும் கேட்கவில்லை.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கலைக்கு வலப் பக்கமாக உட்கார்ந்தாள். "நண்டு கொழம்பு வெப்பியாம்மா?" பதில் இல்லை. மறுபடி கேட்டாள். கலை எதிரே பார்த்தபடியே இருந்தாள். அத்தை, "வெக்கம், வேற ஒண்ணுமில்ல" என்று இழுத்தாள். இனி நான் சொல்லிவிடுவது என்று எழுந்தேன். அதற்குள் அந்தம்மா கலையின் தோளைத் தொட்டாள். கலை திரும்பிப் பார்த்தாள். தன்னிடம் ஏதோ கேட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இந்தக் காது எனக்குக் கேக்காதும்மா," என்றாள். "இந்தாண்ட வந்து உக்காந்து கேளுங்க."

கேசரித் தட்டுகள் வைத்த இடத்திலேயே இருந்தன. சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள், அனுப்பவில்லை. அத்தை கூப்பாடு போட்டாள். "உங்கம்மா இத்தினி வருசம் குடும்பம் நடத்தினா! ஒரு ஈ காக்காக்குத் தெரியுமாடி?"

கலை அழவில்லை. "அதான் ஆயா," என்றாள். "கூட நடந்த சித்திக்கே தெரியல."

அத்தை இடுப்புச் சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தாள். மிஷினை எடுத்து, தன் கையாலேயே பேத்தியின் காதில் மாட்டத் தெரியாமல் மாட்டினாள். "இனிமே எவன் பாக்க வந்தாலும் இத்தோட பாக்கட்டும்" என்றாள்.

கலை என்னைக் குத்திக்காட்ட அப்படிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் எனக்குள்ளேயே இருக்கிறது. உன்மேல் உள்ள கோபமும் தீரவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ. இப்போது கலையோடு எந்த ரோட்டில் போனாலும், அவள் கேட்காமலே நான் அவளுக்கு வலப் பக்கமாக நடக்கிறேன்.