அப்பாவின் கால்மாட்டில்

லாயாங் லாயாங்
3.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். சிறைச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? போன மாதம் நீங்கள் எழுதவே இல்லை. கோபம்தான். இதைப் பிரித்துப் படிக்கும் அதிகாரிக்குத் தமிழ் தெரிந்தால் அவருக்கும் வணக்கம்.

தோட்டத்தில் குலை வெட்டும்போது அப்பா பாதத்தில் செம்பனை முள் ஏறிவிட்டது. அவரே பிடுங்கிவிட்டு, முனியாண்டி கோயில் திருநீற்றைப் புண்ணில் அடைத்துவிட்டார். சர்க்கரை உடம்பு, ஆறவில்லை. வாடை வருகிறது. கிளினிக்குக்குக் கூப்பிட்டால், "உங்கம்மா வந்து கால்மாட்டுல உக்கார்றா. போனா வெட்டிப்புடுவாங்கன்னு சொல்றா. அவளுக்குத் தெரியாததா?" என்கிறார். கால் எடுக்கப் போன அம்மா வீடு திரும்பாததை அவர் மறக்கவில்லை.

அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன். ஆனால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் அங்கே மருந்தறையில் உதவிக்கு நிற்கிறீர்களே, சொல்லுங்கள்.

தங்கை,
ஷர்மினி

11.6.2024

பாப்பா,

முதலில் உன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றித் திருநீற்றைக் கரைத்துவிடு. கிளறாதே. ஸ்பிரிட்டை உள்ளே ஊற்றாதே, நல்ல சதையும் வெந்துபோகும். ஓரத்து ஈரத்தை ஒற்றிவிட்டுச் சுத்தமான கட்டுப் போடு.

ஆனால் வாடை வந்த புண் வீட்டில் ஆறாது. கடிதம் கிடைத்ததும் கூட்டிப் போ. அம்மாவை நாம் தாமதமாகக் கொண்டுபோனோம், அதனால்தான் கால் போனது. செத்தவர்கள் பேசமாட்டார்கள் என்று அப்பாவிடம் சொல்.

சுகுமாறன்

9.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னபடி கழுவினேன். சாம்பல் போன பிறகு பார்த்தால், சதை கறுத்திருந்தது. செத்தவர்கள் பேசமாட்டார்கள் என்றேன். "உள்ள இருக்கறவனுக்கு என்னா தெரியும்?" என்று சிரித்தார்.

அப்போது பொய் சொன்னேன். "அம்மா எங்கிட்டயும் வந்துச்சுப்பா. போகச் சொல்லுச்சு."

"என்னா சேலை?"

"பச்சை."

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு கால்விரலை எடுத்தார்கள், கால் தப்பியது. இப்போது வீட்டில் இருக்கிறார், நான்தான் கட்டு மாற்றுகிறேன். "உங்கம்மா எங்கிட்ட வர்றதே இல்ல. உங்கிட்ட வர்றாளா? இன்னைக்கு என்ன சொன்னா?" என்று கேட்கிறார். ஏதாவது சொன்னால்தான் காலை நீட்டுகிறார். நானும் யோசித்து யோசித்துச் சொல்கிறேன்.

நேற்று யோசிக்காமலே வாயில் வந்தது: "மைனரே, வலிக்குதா?"

அப்பா அழுதுவிட்டார். கல்யாணமான புதிதில் அம்மா அப்படித்தான் கூப்பிடுவாராம், யாரும் பக்கத்தில் இல்லாதபோது மட்டும்.

சின்ன வயதில் நான் எங்கேயாவது கேட்டிருப்பேன் என்று எழுதுங்கள், அண்ணா. சீக்கிரம் எழுதுங்கள்.

ஷர்மினி