தெருமுனையில் கழற்றிய பூட்ஸ்

சிம்மக்கல், மதுரை
2 ஆகஸ்டு 1937

அன்பிற்குரிய மாப்பிள்ளை நல்லகாமன் அவர்களுக்கு,

விருமாண்டி மகன் வெள்ளைத்துரையாகிய நான், இவ்வட்டாரத்தின் சுகாதார இன்ஸ்பெக்டர் என்ற முறையில், தெருக்கூட்டும் பணியாளர்கள் பூட்ஸ் அணிவது பற்றிய புதிய விதியை லாடப்பேட்டைத் தெருவின் பெரியதனக்காரராகிய உங்களுக்குத் தெரிவிக்கும் பொருட்டு இதை எழுதுகிறேன். என் தங்கை சீனியம்மாளின் கணவருக்கு எழுத வேண்டியதை இதன் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

இம்மாதம் முதல் ஒவ்வொரு பணியாளருக்கும் ஒரு ஜோடி தோல் பூட்ஸ் வழங்கப்படுகிறது. வேலை நேரம் முழுவதும், எல்லாத் தெருக்களிலும், அதை அணிந்திருக்க வேண்டும். சென்ற மழைக்காலத்தில் வீரணன் என்ற பணியாளருக்குச் சோடாப் புட்டிச் சில்லு ஏறிப் பாதம் அழுகி, கணுக்காலோடு எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு நான் எழுதிய மனுக்களின் பயனே இந்த பூட்ஸ். உங்கள் தெருவில் மாடுகளுக்கு லாடம் அடிக்கும் இடம் இருப்பதால், கழன்று விழும் ஆணிகள் மிகுதி. ஆகவே அங்கே இது மிகவும் அவசியம்.

வெறுங்காலோடு வேலை செய்து காயம் பட்டால் அது பணியாளரின் சொந்தப் பொறுப்பு. அவருக்கு விடுப்புச் சம்பளம் இல்லை. இறந்தால் அவர் குடும்பம் நகரசபையின் குடியிருப்பு வரிசையில் தொடர்ந்து வசிக்கவும் இயலாது. இந்தப் பிரிவை வரைந்தவன் நானே. கடுமையாக இருக்கிறதே என்று மேலதிகாரி கேட்டார். கடுமை இல்லாவிட்டால் பூட்ஸ் கூரையில் தொங்குமேயன்றிக் காலுக்கு வராது என்று பதில் எழுதினேன். தெருவாசிகளுக்கு இதை எடுத்துச் சொல்லக் கோருகிறேன்.

இனி எழுதுவது உங்கள் மச்சான். இதை நேரில் வந்து சொல்லலாமே என்பீர்கள். வந்தால் தங்கை இலை போட்டுவிடுவாள். அவள் கையால் சாப்பிட்ட பிறகு விதியைப் பேச எனக்கு நாக்கு எழுவதில்லை. தை பிறந்ததும் உங்கள் மகன் மருதுவுக்கும் என் மகள் முத்துத்தாய்க்கும் பரிசம் போட்டுவிடலாம் என்பதில் என் வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது?

தங்கள் அன்புள்ள மச்சான்,
வி. வெள்ளைத்துரை

*

லாடப்பேட்டைத் தெரு
7 ஆகஸ்டு 1937

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு நல்லகாமன் வணங்கி எழுதுவது.

உங்கள் கடிதத்தின் மேல் பாதியைப் பெரியதனக்காரன் படித்தான், கீழ்ப் பாதியை மாப்பிள்ளை படித்தான். உங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். "எங்கண்ணே கூப்பிடு தூரத்துக்கு ஸ்டாம்பு ஒட்டுறாரு. நடந்தாச் செருப்புத் தேஞ்சிரும்ல" என்றாள். தை மாதத்தைப் பற்றி வாசித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மருது எதுவும் தெரியாதவன்போல வண்டிக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தான்.

பூட்ஸ் விஷயத்தைத் தெருக் கூட்டத்தில் சொன்னேன். உங்களிடம் மறைப்பானேன், ஒருவருக்கும் பிடிக்கவில்லை. அந்த ஆட்கள் காலில் எதையும் மாட்டிக்கொண்டு இந்தத் தெருவில் நடந்த வழக்கம் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். லாடக் கொட்டில்காரர் காசிமாயன் எழுந்து, "இன்னைக்குப் பூட்ஸுன்னுவான், நாளைக்குக் குடைன்னுவான். அப்புறம் நம்ம வாசல்ல வந்து நாக்காலி கேப்பான். அம்புட்டுக்கும் நம்ம இன்ஸ்பெக்டர் மச்சான் ஒரு விதி வச்சிருப்பாரு" என்றார். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. என் முகத்துக்காக அதோடு விட்டார்கள்.

நானே ஒரு சமாதானம் செய்தேன். நம் தெருவைக் கூட்டும் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டு, தெருமுனைக் கல்தூணடியில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா, போகும்போது போட்டுக்கொள் என்றேன். தெருவில் கருப்பசாமி கோயில் இருக்கிறது. யாராவது கேட்டால் சாமிக்கு மரியாதை என்று சொல்லிக்கொள்ளலாம். "சரிங்கய்யா" என்று போய்விட்டான். சபைக்குச் சபையின் மரியாதை, தெருவுக்குத் தெருவின் மரியாதை. கயிற்றை ரொம்ப இறுக்காதீர்கள் மச்சான்.

நல்லகாமன்

*

சிம்மக்கல்
12 ஆகஸ்டு 1937

அன்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சமாதானம் என்று நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

கோயில் வாசலைக் கடக்கையில் கழற்றுவதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. நானும் கழற்றித்தான் கடப்பேன். ஆனால் முழுத் தெருவும் கோயில் அன்று. அப்படியானால் காசிமாயன் அவர்கள் தோல் செருப்போடு லாடக் கொட்டிலுக்கும் வீட்டுக்கும் நடப்பது எந்தச் சாமிக்கு மரியாதை?

பேச்சிமுத்துவை அலுவலகத்துக்கு அழைத்து விசாரித்தேன். பூட்ஸ் கடிக்கிறதா என்று முதலில் கேட்டேன். இல்லை என்றான். எலி கடிக்காமலிருக்க தினமும் அதற்கு வேப்பெண்ணெய் தடவுகிறானாம். மனைவி ராக்கம்மாள், "எங் காலுக்குத் தடவ எண்ணெய் இல்ல, இந்தத் தோலுக்குத் தடவுறீக" என்று சண்டை போடுகிறாளாம். பிறகு ஏன் கழற்றுகிறாய் என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"மாட்டுன்னு சொல்றது உங்க உத்தரவு. கழட்டுன்னு சொல்றது அவுக உத்தரவு. நீங்க வேலையத்தான்யா எடுப்பீக. அவுக என்னத்த எடுப்பாகன்னு எனக்குத் தெரியாது."

சபையின் சம்பளம் வாங்குகிறவன் சபையின் உத்தரவுக்கே கட்டுப்பட்டவன் என்றும், இனி வெறுங்காலோடு கண்டால் வேலை இல்லை என்றும் எச்சரித்து, உங்கள் தெருவுக்கே திருப்பி அனுப்பினேன். என் பங்கை நான் செய்துவிட்டேன். உங்கள் பங்கு, சொன்ன சொல்லை நீங்களே திரும்பப் பெறுவது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் தெரு கேட்கும். இதை உத்தரவாக எழுதவில்லை. வேண்டுகோளாக எழுதுகிறேன்.

முத்துத்தாய் தன் அத்தைக்கென்று முறுக்கு சுட்டுக் கொடுத்திருக்கிறாள். தபாலில் நொறுங்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை ஆள் வசம் அனுப்புகிறேன்.

வெள்ளைத்துரை

*

லாடப்பேட்டைத் தெரு
4 செப்டம்பர் 1937

மச்சான் அவர்களுக்கு,

முறுக்கு வந்தது, தீர்ந்தும் போயிற்று. நல்ல கைப்பக்குவம் என்று தெருவே பேசுகிறது. பரிசத்துக்குப் பட்டு எடுக்க உங்கள் தங்கை இப்போதே கடை கடையாக ஏறிக்கொண்டிருக்கிறாள்.

வேறு யாராவது சொல்லி நீங்கள் அறிவதைவிட நான் எழுதுவது நல்லது. நேற்றுக் காலை லாடக் கொட்டிலின் முன்னால் கூட்டும்போது பேச்சிமுத்துவின் குதிகாலில் ஆணி ஒன்று ஏறிவிட்டது. துருப்பிடித்த பழைய ஆணி. நானே உட்கார்ந்து பிடுங்கினேன். சுட்ட எண்ணெய்த் துணி வைத்துக் கட்டி, காப்பித்தண்ணியும் கொடுக்கச் சொன்னேன். "ஒண்ணும் இல்லங்கய்யா" என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு மிச்சத் தெருவையும் கூட்டிவிட்டுத்தான் போனான். அவன் சாதாரணமாகத்தான் இருக்கிறான். நீங்கள் இதற்கு ஒரு காகிதம் எழுதிப் பெரிதாக்கிவிட வேண்டாம்.

நீங்கள் கேட்டுக்கொண்டதைப் பற்றி: சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆடி போனதும் சொல்லலாம், ஆவணி நல்ல நாளில் கூட்டம் போட்டுச் சொல்லலாம் என்று தள்ளிப் போயிற்று.

நல்லகாமன்

*

சிம்மக்கல்
16 செப்டம்பர் 1937

அன்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

பேச்சிமுத்து நேற்று மாலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான்.

முதலில் தாடை பூட்டிக்கொண்டது. ராக்கம்மாள் கரண்டியால் தண்ணீர் புகட்டினாள். அது பல்லில் பட்டுக் கழுத்தில் வழிந்தது. பிறகு உடம்பு வில்லாக வளைந்தது. வெளிச்சம் பட்டால் வளைந்தது, யாராவது கதவைத் தள்ளினால் வளைந்தது. அவன் நினைவு கடைசி வரை தெளிவாக இருந்தது என்று டாக்டர் சொன்னார். நான் நின்றிருந்ததை அவன் பார்த்தான். ஏதோ சொல்ல முயன்றான், வாய் திறக்கவில்லை.

இதை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. வருகிற 24ஆம் தேதி விசாரணை நடக்கிறது. அவன் தன் விருப்பப்படி பூட்ஸைக் கழற்றினான் என்று முடிவானால், நான் வரைந்த பிரிவின்படி ராக்கம்மாள் மாத முடிவுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவளுக்குப் போக்கிடம் இல்லை. பிறரின் கட்டாயத்தால் கழற்றினான் என்று முடிவானால் பிரிவு பொருந்தாது. வீடு அவளுக்கு நிலைக்கும்.

உங்கள் மேல் வழக்கு இல்லை, தண்டனையும் இல்லை. நீங்கள் வந்து நின்று, "நான்தான் கழற்றச் சொன்னேன்" என்ற ஒரு வாக்கியம் சொன்னால் போதும். உங்கள் தெருவில் அதற்காக நீங்கள் கேட்க நேரும் பேச்சுகளை நான் அறியாதவன் அல்லன். அறிந்தே கேட்கிறேன். நாம் உறவான நாள் முதல், இந்த பூட்ஸ் விஷயம் தவிர, உங்களிடம் நான் எதையும் கேட்டதில்லை.

வெள்ளைத்துரை

*

லாடப்பேட்டைத் தெரு
25 செப்டம்பர் 1937

மச்சான் அவர்களுக்கு,

நேற்று நான் வரவில்லை என்று வருந்தியிருப்பீர்கள். நான் வராமலே காரியம் மரியாதையாக முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு நிம்மதியானேன்.

நாலு நாள் முன்பு ராக்கம்மாளை வரச் சொல்லிப் பேசினேன். அவளிடம் நான் பொய் எதுவும் சொல்லவில்லை. உன் புருஷன் அடங்கிப் போகத் தெரிந்த மனிதன், நம் சாமிக்குப் பயந்து தானாகவே கழற்றினான் என்று சொன்னால் அவனுக்குத்தான் பெருமை, எவனோ மிரட்டியதால் கழற்றினான் என்று சொன்னால் செத்தவனுக்குத்தான் கேவலம் என்றேன். "எம்புருசன் யாருக்கும் பயந்தவரு இல்லங்கய்யா. சாமிக்குன்னா நானே சொல்றேன்" என்றாள்.

வீடு போகும் என்று நீங்கள் எழுதியதை நான் மறக்கவில்லை. தெருவுக்கு வெளியே, பேட்டையின் பின்பக்கம், வைக்கோல் போடும் சாய்ப்பு ஒன்று இருக்கிறது. அங்கே இருந்துகொண்டு சாணி அள்ளட்டும். சாகிற வரைக்கும் சோறு என் பொறுப்பு. ஒரு பெரியதனக்காரன் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

நீங்கள் இதைத் திரும்பக் கிளறினால், வேறு இடத்தில் பெண் பார் என்று தெருவில் இப்போதே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் மருதுவுக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்கள் தங்கை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "எங்கண்ணனுக்கு விதிதான் கூடப்பொறந்தது. நான் பெறகு பொறந்தவ" என்கிறாள். அவளுக்காகவாவது விட்டுவிடுங்கள் மச்சான்.

நல்லகாமன்

*

சிம்மக்கல்
27 செப்டம்பர் 1937

மகாராஜராஜஸ்ரீ நல்லகாமன் அவர்களுக்கு,

விசாரணையில் நடந்ததை நீங்கள் கேள்வியால் அறிந்திருக்கிறீர்கள். நான் கண்டதை எழுதுகிறேன்.

ராக்கம்மாள் வெளுத்த சேலை கட்டி வந்திருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்ததைத் தலை நிமிர்ந்து, தடுமாறாமல் சொன்னாள். தெருக்கூட்டுவோரின் மேஸ்திரி மொக்கைச்சாமியும் அதையே சொன்னான். அவன் என் பக்கம் பார்க்கவில்லை. அதிகாரி பிரிவை வாசித்து, வீட்டைக் காலி செய்யுமாறு உத்தரவு எழுதினார். அது ஆங்கிலத்தில் இருந்ததால் அவளுக்கு விளங்கவில்லை. அழைக்கப்படாதவர் விசாரணையில் பேசலாகாது என்பது விதி. என்னை அழைக்கவில்லை. நான் பேசவில்லை.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் என்னிடம் வந்தாள்.

"சரியாச் சொல்லிட்டேனாங்கய்யா? அவுகள விட்டுக்குடுக்காமத்தான சொன்னேன்?"

என்ன உத்தரவாயிற்று என்பதை நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். புரிந்துகொள்ள அவளுக்கு நேரம் பிடித்தது. புரிந்ததும் அழவில்லை. "அப்ப நாந்தான் சொல்லி எடுத்தேனா வீட்ட?" என்று கேட்டாள். அவள் நடந்தே போனாள்.

வீடு போகும் என்பது அவளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். பொய் எதுவும் சொல்லவில்லை என்று நீங்கள் எழுதிய இடத்தில் நான் நெடுநேரம் நின்றேன். சாய்ப்பைப் பற்றி அவளிடம் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

இந்தச் சம்பந்தம் இனி இல்லை என்று முத்துத்தாயிடம் நானே சொல்லிவிட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள். இன்னும் பரிசம் போடாததால் இரு பக்கமும் திருப்பித் தர வேண்டியது எதுவும் இல்லை. மருது நல்ல பிள்ளை. அவனுக்கு நல்ல இடம் அமையட்டும். சீனியம்மாள் இந்த வீட்டில் பிறந்தவள். அவள் வர நினைக்கும்போது வரலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. உங்கள் வாசலுக்கு நல்லதற்கும் கெட்டதற்கும் இனி நான் வருவதற்கில்லை.

உத்தரவு பிறந்த ஒரு மாதத்துக்குள், நேரடியாக விவரம் அறிந்த எவரும் அதை மறு விசாரணைக்குக் கொண்டுவரலாம். தெரிந்தும் மௌனமாக இருந்த ஊழியர் மேல் நடவடிக்கை எடுக்கவும் விதியில் இடம் உண்டு. முப்பது ஆண்டு சேவையின் முடிவு அதுவாக இருக்கலாம் என்பதை அறிவேன். உத்தரவு மாறும் என்ற நம்பிக்கை எனக்கு அதிகம் இல்லை. அவளே சொன்ன வாக்குமூலத்துக்கு எதிராக என் சொல் நிற்க வேண்டும்.

நாளைக் காலை பத்து மணிக்கு நான் அதிகாரியின் முன் நின்று, பேச்சிமுத்துவைக் கழற்றச் சொன்னவர் நீங்கள் என்றும், அவன் வாயாலேயே அதைக் கேட்டறிந்தும் அவனை மிரட்டி அதே தெருவுக்கு அனுப்பியவன் நான் என்றும் சொல்லி, இரண்டு பெயர்களையும் எழுதிக்கொள்ளச் சொல்வேன்.

இங்ஙனம்,
வி. வெள்ளைத்துரை
சுகாதார இன்ஸ்பெக்டர்